ஜாபிதாவில் இல்லாத நோய்

மல்லசமுத்திரம்
வெகுதானிய வருஷம் தை மாதம் 18ந் தேதி

சிரஞ்சீவி சென்றாயனுக்கு அம்மா உண்ணாமலை ஆசீர்வாதம் செய்து எழுதுவது. கரக்பூரில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்கச் சென்றாயப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் உன் அப்பா சுகம், மாடு கன்று சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் அப்படி எழுதினால் கம்பெனி வக்கீல் அந்தக் காகிதத்தையும் எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு போய்க் கமிஷனர் முன்னால் வாசித்துவிடுவான், அதனால் எழுதவில்லை. உன் கடிதம் மூன்றும் வந்து சேர்ந்தது. வழக்கு என்ன ஆயிற்று, ஏன் பதில் இல்லை என்று மூன்றிலும் கேட்டிருக்கிறாய். வழக்கு மார்கழி இருபத்தாறாம் தேதியே முடிந்துவிட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் எனக்கு உன்மேல் இருந்த கோபம். அதை மறைத்துவைத்து, உடம்புக்கு முடியவில்லை, தபால்காரன் வரவில்லை என்று எழுத எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் கடலை பரவாயில்லை, கடைசி மழை பெய்யாததால் மேட்டுக்காட்டில் மட்டும் பொக்காகப் போயிற்று. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, எண்ணெய் தேய்த்துக்கொள் என்றால் கேட்பதில்லை. எனக்குக் கிணற்றிலிருந்து வீடு வருவதற்குள் மூன்று இடத்தில் குடத்தை இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது, படுத்தால் மூச்சு அடைக்கிறது, உட்கார்ந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டேன். விரல் நுனியெல்லாம் உருண்டு போயிருக்கிறது, பேனாவைப் பிடிப்பது சிரமம், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், ஆனாலும் முழுக்கப் படி, ஏனென்றால் கம்பெனிக்காரன் உனக்கு எழுதிய கடிதத்தில் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். கரட்டடியில் இருக்கிற அந்தக் கல்நார்க் கொட்டாயில் நான் பதினாறு வருஷம் வேலை செய்தேன். வண்டியில் வருகிற கல்லைச் சுத்தியால் தட்டிப் பிளந்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற நாரைப் பிரித்து, சலித்து, சாக்கில் அடைத்துத் தைக்கிற வேலை. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் வாசல். சாயங்கால வெயில் உள்ளே விழும்போது அந்தத் தூசி வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கும், புதிதாக வருகிற பெண்கள் அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்பார்கள். வெளியே வரும்போது சின்னப் பெண்களுக்கும் தலை நரைத்திருக்கும். மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டால் மூச்சு முட்டிக் கை ஓடாது, கை ஓடாவிட்டால் செல்லமுத்து மேஸ்திரி ஏசுவான். உன் தாய்மாமன் என்று எழுத மனசு வரவில்லை, அதனால் பேரைச் சொல்லியே எழுதுகிறேன். போன வைகாசியில் நான் மூட்டைக் கணக்கில் பின்தங்கினேன் என்று அவன்தான் என்னை நிறுத்தினான். தானே சொல்ல வாய் வராமல், வாசலில் நிற்கிற காவல்காரனைவிட்டுச் சொல்லவைத்தான். அக்காளுக்கு அவன் காட்டிய மரியாதை அவ்வளவு.

மாதத்துக்கு ஒரு தடவை மோட்டாரில் வருகிற கம்பெனி டாக்டர் இருக்கிறாரே, அவர் ஒரு மேதாவி. நாற்பது பெண்களை அரை மணியில் பார்த்துவிடுவார். குழாயைச் சேலைக்கு மேலேயே வைத்துவிட்டு, கண்ணை வெளியில் மோட்டார் மேல் வைத்துக்கொண்டு, எனக்கு க்ஷயம் என்று எழுதினார். எச்சிலைப் பார்க்கவில்லை, எத்தனை நாளாக இருமல் என்று கேட்கவில்லை. அந்த ஒரு சொல் ஊருக்குள் போனதும் என்ன ஆயிற்று தெரியுமா, கிணற்றடியில் என் குடத்தைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் எனக்குத் தின்ன இலையைத் தொழுவத்துப் பக்கம் போட்டார்கள். ஆத்தாயி செத்தபோதும் இதே டாக்டர் இதையேதான் எழுதினார், அவளைத் தூக்க ஆள் வரவில்லை, அவள் புருஷனும் உன் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும்தான் தூக்கினார்கள். அவளும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதினோரு வருஷம் கல் தட்டினவள். அதற்கு முந்தி போன இரண்டு பேருக்கும் க்ஷயம்தானாம். ஒரே கொட்டாயில் உட்கார்ந்தவர்களை மட்டும் தேடிப் பிடிக்கிற க்ஷயம் அது.

நீதான் அப்போது எழுதினாய், வேலை செய்கிற இடத்தில் வந்த நோய்க்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது, திருச்செங்கோட்டில் ஒரு வக்கீலைப் பார் என்று. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் நானும் உன் அப்பாவும் பாலசுந்தரம் வக்கீலிடம் போனோம். சின்ன வயசு, கட்சிக்காரர் அதிகம் இல்லாதவர், அதனாலோ என்னவோ காது கொடுத்துக் கேட்டார். முதலில் உங்களுக்கு க்ஷயம் இல்லை என்று தெரிய வேண்டும் என்று சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே ஒன்பது நாள் இருந்தேன். எச்சிலை மூன்று தடவை சோதித்தார்கள், மார்பைப் படம் பிடித்தார்கள். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், கீழ்ப் பக்கம் இரண்டிலும் பழைய சிலந்தி வலை மாதிரி இருந்தது. "இதுல க்ஷயப் பூச்சி எதுவும் இல்லேம்மா. நீ மூச்சுல இழுத்த தூசிதான் உள்ளே தங்கிப்போச்சு. இதை எடுக்க மருந்து கெடையாது" என்றார். மருந்து கிடையாது என்று சொன்ன மனுஷனை நான் கையெடுத்துக் கும்பிட்டேன், உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அப்போது கிணற்றடிக் குடம்தான் ஞாபகத்தில் இருந்தது.

அந்தப் படத்தையும் சீட்டையும் வைத்துப் பாலசுந்தரம் மனுப் போட்டார். கம்பெனி பதில் மனுப் போட்டது. அதில் உண்ணாமலை என்ற ஸ்திரீயைக் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது, அவள் மேஸ்திரி கூட்டிவந்த ஆள், மேஸ்திரிதான் கூலி கொடுத்தான், தவிர அவளுக்குக் குடும்பத்திலேயே க்ஷயம் உண்டு என்று இருந்தது. தெரியாத ஸ்திரீயின் குடும்ப நோய் மட்டும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதற்கு வக்கீல் சிரித்தார். அடுத்த வாரம் செல்லமுத்து வீட்டுக்கு வந்தான். ஐந்து மாதமாக எட்டிப் பார்க்காதவன் வெற்றிலை பாக்கோடு வந்தான், மடியில் மை டப்பா. கம்பெனி எனக்கு வைத்தியச் செலவுக்குக் கொடுக்கப் போகிறது, அதற்கு ஒரு காகிதம் என்று விரித்து, விரலை ஓட்டி ஓட்டி வாசித்தான். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் நான் படித்ததை அவனுடைய துரைக்கு அவன் சொல்லவில்லை போலிருக்கிறது, அவனுக்கே மறந்துவிட்டதோ என்னவோ. நான் அவன் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே கேட்டேன். அவன் வைத்தியச் செலவு என்று வாசித்த இடத்தில், நான் கம்பெனியில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை, எனக்குப் பரம்பரையாக இருமல் உண்டு, மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதியிருந்தது. "தம்பி, நீ வாசிக்கறது ஒண்ணா இருக்குது, இதுல இருக்கறது ஒண்ணா இருக்குது. எனக்குப் பரம்பரைன்னா உனக்கும் அதே பரம்பரைதான? நீ எங்க இருமறே?" என்றேன். அவன் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, "அக்கா, எனக்கும் அஞ்சு உசுரு இருக்குது, நானென்ன பண்ணட்டும்" என்றான். ஐந்து உயிருக்குச் சோறு போட வேண்டியதுதான், யார் வேண்டாம் என்றது. அதற்கு அக்காள் விரலைப் பிடித்து மையில் அமுக்க வந்தானே, அதைத்தான் சொல்கிறேன். மை டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனான், அடுத்த நாள் ஆள்விட்டு வாங்கிக்கொண்டான், அது கம்பெனி சாமானாம்.

மார்கழியில் நஷ்டஈட்டுக் கமிஷனர் சேலத்துக்கு முகாம் வந்து விசாரித்தார். கம்பெனிக்குச் சென்னையிலிருந்து வக்கீல் வந்திருந்தான், கறுப்புக் கோட்டு, தங்க பிரேம் கண்ணாடி, என் பக்கத்தில் வரும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். அவர்கள் கட்சிப்படியே நான் அவர்கள் ஆள் இல்லை, நோயும் அவர்கள் தூசி இல்லை, பிறகு எதற்குப் பயந்தானோ. கம்பெனி டாக்டர் சாட்சி சொன்னார். படம் பிடித்துப் பார்த்தீரா என்று பாலசுந்தரம் கேட்டார், அனுபவம் உள்ளவனுக்குப் படம் தேவையில்லை என்றார். செல்லமுத்து சாட்சிக் கூண்டில் ஏறி, அக்கா சும்மா பொழுது போகாமல் கொட்டாய்க்கு வந்து உட்காருவாள் என்று சத்தியம் செய்து சொன்னான். பதினாறு வருஷம் பொழுது போகாதவள் நான் ஒருத்திதான் இந்த ஜில்லாவில். எனக்குச் சாட்சி சொல்ல வருகிறேன் என்று பழனியம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள், கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வக்கீல் கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, இது யார் எழுத்து என்று கேட்டான். பார்த்த உடனே தெரிந்தது. உன் எழுத்துத்தான், ழகரத்துக்கு நீ போடுகிற நீள வால். என் மகன் எழுத்து என்றேன். அவன் அதை உரக்க வாசித்தான். கம்பெனி மானேஜர் அவர்களுக்கு நமஸ்காரம், தாங்கள் அன்போடு விசாரித்ததற்கு வந்தனம், என் தாயாருக்கு நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையிலேயே இருமல் உண்டு, தாங்கள் தயவு செய்வதாகச் சொன்ன டைம்கீப்பர் வேலை கிடைத்தால் ஊரோடு வந்துவிடுவேன். இப்படி. உன் பக்கம் எனக்குப் புரியாமல் இல்லை சென்றாயா. தூரதேசத்தில் ஒற்றை அறையில் நாலு பேரோடு கிடக்கிறாய், ஊருக்கு வர ஆசை, ஒருவன் இனிப்பாக எழுதிக் கேட்டதும் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டாய். வழக்குப் போடச் சொன்னவனும் நீதான் என்பது அந்த நேரத்தில் உனக்கு எங்கே போயிற்று என்றுதான் எனக்கு விளங்கவில்லை. வழக்கு நடத்துகிற கம்பெனி ஒரு கூலிக்காரியின் உடம்பை அன்போடு விசாரிக்கிறது என்றால் எதற்கென்று யோசிக்க எட்டாவது வரைக்கும் படித்தவனுக்கு முடியவில்லை. அங்கே கூண்டில் நின்றபோது இருமல் வந்தால் தாங்காது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாலசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார். சென்னை வக்கீல், அவ்வளவுதான் என்று உட்காரப் போனான்.

நான் கமிஷனரைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லம்மா என்றார். "ஏனுங்க சாமி, எம்பையன் பொறந்தது பெரிய விசக்காய்ச்சல் வந்த வருசமுங்க, முன்சீப்பு ஏட்டுல இருக்குதுங்க. அவனுக்கு நாலு வயசுல நான் கொட்டாய்க்குப் போனேனுங்க, அவனைப் புளியமரத்தடியில சாக்கு விரிச்சுப் படுக்க வெச்சுப்போட்டுத்தான் கல்லு தட்டுனேனுங்க. மூணாவது படிக்கையில அவனுக்கு ஒம்பது வயசுங்க. அப்ப நான் அஞ்சு வருசம் தூசி தின்னாச்சுங்க. அதுக்கு முந்தி இருமினேன்னு அவன் எழுதலீங்களே" என்றேன். கமிஷனர் கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை தானே படித்தார், பிறகு என்னைக் கொட்டாயில் முதல் நாள் யார் வேலைக்கு வைத்தது, எந்தப் பக்கம் உட்கார்ந்தாய், எத்தனை மூட்டை என்று கால் மணி நேரம் கேட்டார். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். சென்னை வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

இப்போது தீர்ப்பைக் கேள். மேஸ்திரி கையால் கூலி கொடுத்தாலும் வேலை கம்பெனி வேலைதான், இவள் கம்பெனி ஆள்தான் என்று எழுதினார். க்ஷயம் இல்லை, கல்நார்த் தூசியால் வந்த நோய் என்று எழுதினார். அவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஏனென்றால் சட்டத்தின் பின்னால் ஒரு ஜாபிதா இருக்கிறதாம், எந்தெந்த வேலையில் எந்தெந்த நோய் வந்தால் நஷ்டஈடு என்று. ஈய விஷம் இருக்கிறது, பாதரச விஷம் இருக்கிறது, ஆட்டு ரோமம் தொடுகிறவர்களுக்கு வருகிற கொப்புளம்கூட இருக்கிறது, கல்நார் இல்லை. ஜாபிதாவில் இல்லாத நோய் என்றால் விபத்தால் வந்ததாக இருக்க வேண்டும், விபத்து என்றால் எந்தத் தேதி, எத்தனை மணி என்று சொல்ல வேண்டும். இதைத்தான் அந்தச் சென்னை வக்கீல் கடைசியில் எழுந்து ராகம் போட்டுக் கேட்டான். மூச்சு இழுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை, தப்புத்தான். கமிஷனர் படித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்து, "சட்டம் அவ்வளவுதான் அம்மா" என்றார். அவரை நான் திட்ட மாட்டேன், அவர் ஒருவர்தான் அங்கே முழுக்கக் கேட்டவர். வெளியே வந்தபோது அந்த வக்கீல் மட்டும், கைக்குட்டையை எடுக்காமலே, உனக்கு நல்ல புத்தி இருக்கிறதம்மா என்று பாராட்டிவிட்டுப் போனான். ஜெயித்தவன் தோற்றவளுக்குக் கொடுக்கிற மிட்டாய் அது, அவனே சப்பட்டும்.

பொங்கல் அன்று செல்லமுத்து மறுபடியும் வந்தான், ஒரு கட்டுக் கரும்போடு. கரும்பை மாட்டுக்குப் போட்டேன். இன்னொன்றும் கொண்டுவந்தான், உன் பேருக்குக் கம்பெனி முத்திரை போட்ட வேலை உத்தரவு, பங்குனி முதல் தேதியிலிருந்து டைம்கீப்பர். கேஸ் ஜெயித்த பிறகும் உனக்கு எதற்கு வேலை கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, பாலசுந்தரத்திடம் காட்டிய பிறகுதான் விளங்கியது. ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போக அறுபது நாள் இருக்கிறது, மாசி இருபத்தேழோடு முடிகிறது. அந்த உத்தரவில் ஆறாவது வரியில், வேலைக்கு வருகிறவனோ அவன் குடும்பத்தாரோ கம்பெனி மேல் எந்த வழக்கும் நடத்தக் கூடாது என்று இருக்கிறது. தினம் தினம் தூசி உள்ளே போனதே தினம் தினம் நடந்த விபத்து என்று வாதாடிப் பார்க்கலாம் என்கிறார் பாலசுந்தரம். ஜெயிப்பீரா என்று கேட்டேன், பத்தில் ஒரு பங்குகூடச் சொல்ல முடியாதுங்க அம்மா என்றார். பொய் சொல்லாமல் இருக்கிறாரே என்று அவரையே வைத்துக்கொண்டேன். அதற்கு உன் காகிதம் ஒன்று வேண்டுமாம். நீ எந்த வயசில் என் இருமலை முதலில் கேட்டாய், அதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்று அங்கே ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவர் எழுதிக்கொடுத்த மாதிரியை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குச் சாதகமாக ஒரு எழுத்தும் சேர்க்காதே, நடந்ததை மட்டும் எழுது.

வேலை உத்தரவையும் இதே உறையில் வைத்திருக்கிறேன். நான் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று உன் அப்பா பயந்து அதை எடுத்துப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், மகன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்காதா. எனக்கும் இருக்கிறது, இந்த மூச்சு எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாதா. ஆனால் அது உன் பேருக்கு வந்த காகிதம், அடுத்தவர் காகிதத்தில் கை வைக்கிறதை நான் அந்தக் கம்பெனியோடு விட்டுவிடுகிறேன். இரண்டிலும் உன்னால் கையெழுத்துப் போட முடியாது, அதுமட்டும் தெரிந்துகொள். வேலையை எடுத்துக்கொண்டு வந்தால் நான் கதவைச் சாத்த மாட்டேன், சோறு போடுவேன், ஆனால் வழக்கைப் பற்றி அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது, நல்லதும் பேசக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு முடிவு செய். பழனியம்மாள் ஏன் சாட்சிக்கு வரவில்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. கொட்டாயில் புதிதாக ஆறு பேரைச் சேர்த்திருக்கிறார்கள், அவள் மகள் பெருமாயி அதில் ஒருத்தி, போன வருஷம் சடங்கான குழந்தை. நான் உட்கார்ந்த இடத்தில்தான் அவளை உட்கார வைத்திருக்கிறார்களாம், அங்கே வெளிச்சம் நன்றாக விழும் என்று. வழியில் பார்த்தேன், தலையெல்லாம் வெள்ளையாக, சிரித்துக்கொண்டே வந்தாள். டைம்கீப்பர் காலையில் வாசலில் நின்று ஆஜர் எடுக்கிற பேர்களில் அவள் பேரும் இருக்கும்.

மாஜிஸ்திரேட்டிடம் போவதானால் முகச் சவரம் செய்துகொண்டு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போ. காகிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் பாலசுந்தரம் விலாசத்துக்கே அனுப்பு, மாசி பத்துக்குள் வர வேண்டும், இங்கே நம் விலாசத்துக்கு வருகிற தபாலைச் செல்லமுத்து முதலில் பார்க்கிறான் என்று எனக்குச் சந்தேகம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெளியில் விற்கிற தண்ணீரைக் குடிக்காதே. எங்கே இருந்தாலும் நெஞ்சு நிறைய நல்ல மூச்சு விட்டு நீண்ட ஆயுசோடு இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
க. உண்ணாமலை
(கைரேகை அல்ல, கையெழுத்து)